சொந்தமாக எழுதிய ஒரு பத்தி

குன்றத்தூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போனாலும் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போனாலும் ஆங்கிலத்தில் ஒரு கதை அவர்களுக்குப் பொது. முதன்முதலாகப் பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சைப் பற்றி ஐரிஷ் எழுத்தாளர் லியம் ஓ'ஃப்ளாஹெர்ட்டி எழுதிய கதை அது. மாநிலப் பாடநூலில் முதல் உரைநடைப் பாடமே அதுதான், என்.சி.இ.ஆர்.டி. நூலிலும் இருக்கிறது. உடன்பிறந்தவை எல்லாம் பறந்துபோய்விட, ஒரு குஞ்சு மட்டும் பாறை விளிம்பில் பசியோடு நிற்கிறது. தாய்ப்பறவை மீன்துண்டோடு பக்கத்தில் வந்து, எட்டாத தூரத்தில் நின்றுகொள்கிறது. குஞ்சு பாய்கிறது, விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது. ஓ'ஃப்ளாஹெர்ட்டி 1896இல், ஐரிஷ் மொழி வழங்கிய இனிஷ்மோர் தீவில் பிறந்தவர். ஐரிஷ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதியவர். இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்டவரின் கதை பாடமாக வாய்த்தது நல்ல பொருத்தம்.

அந்தக் கதையைப் படித்து முடித்த பிள்ளை அதைப் பற்றிச் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதுகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். இலக்கியம் வகுப்பில் இருக்கிறது, எழுத்துப் பயிற்சியும் கால அட்டவணையில் இருக்கிறது; இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

பாடம் நடக்கும் விதம் இந்தப் பக்கத்துப் பெற்றோர் யாருக்கும் தெரியும். ஆசிரியர் வாசித்து, வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்கிறார். பிறகு, இங்கிருந்து இதுவரை முதல் கேள்விக்கு என்று புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். பாராகிராஃப் விடை கைடிலிருந்து வருகிறது: நன்றாகப் படிப்பவர்களுக்கு நீளமாக ஒன்று, மெல்லக் கற்போருக்குச் சுருக்கமாக ஒன்று. மறுநாள் ஸ்லிப் டெஸ்ட். பல இடங்களில் காமன் பாராகிராஃப் என்றே ஒன்று புழங்குகிறது. கவிஞர் பெயரையும் தலைப்பையும் மட்டும் மாற்றினால் எந்தக் கவிதைக்கும் அது விடையாகிவிடும். கவிதையைப் படிக்காமலே கவிதைக்கு விடை எழுதப் பதினைந்து வயதுப் பிள்ளையைப் பழக்குகிறோம். இலக்கிய வகுப்புக்கு இதைவிடப் பெரிய தீங்கு எனக்குத் தெரியவில்லை.

பழியை ஆசிரியர் தலையில் போடுவது நியாயம் இல்லை. ஓர் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியருக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 45 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 நோட்டுகள். ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 15 மணி நேரம். எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, ஸ்பெஷல் கிளாஸ், தேர்தல் பணி எல்லாம் தனி. அதனால்தான் காம்போசிஷன் நோட்டுகளில் எல்லாருக்கும் ஒரே கடிதம், கரும்பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்கிறது. ஒரே கடிதம் என்றால் எழுத்துப்பிழையை மட்டும் பார்த்து டிக் போட்டுவிடலாம்.

வினாத்தாளும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2019இல் பத்தாம் வகுப்பு மொழிப்பாடங்களின் இரண்டு தாள்களை ஒன்றாக்கினார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது. எழுதும் இடமும் குறைந்தது. இப்போது 100 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, இரண்டு மதிப்பெண்ணுக்கு 20, ஐந்து மதிப்பெண்ணுக்கு 50, எட்டு மதிப்பெண்ணுக்கு 16. விளம்பரம் தயாரிப்பது, கடிதம், குறிப்பெடுப்பது, படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம், வழி தெரியாதவருக்கு வரைபடம் பார்த்து வழி சொல்வது எல்லாம் கேட்கப்படுகின்றன. கேள்விகளில் குறை காண முடியாது. ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்தும் ஐந்து வாக்கியங்களும் கைடில் தயாராக இருக்கின்றன: படம் அழகாக இருக்கிறது, வண்ணமயமாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது. படத்தில் இருப்பவர் அழுதுகொண்டிருந்தாலும் பிள்ளை அதையே எழுதிவிட்டு வருகிறது.

இந்த நோய்க்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கிலாந்தில் உருப்பெறும் முன்பே இந்தியாவில் காலூன்றிவிட்டது என்று கௌரி விசுவநாதன் 1989இல் வெளிவந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்' நூலில் விரிவாகக் காட்டினார். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்பு 1835இல். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்குத் தனிப் படிப்பு வந்தது 1894இல். ஆளப்படுகிறவர்களைப் பண்படுத்தும் கருவியாக இலக்கியம் இங்கே வந்தது. பண்படுத்தப்படுகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியவர். அவரைப் பேசச் சொல்லும் அவசியம் அந்த ஏற்பாட்டில் இல்லை.

அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி முயன்றவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். தாம்பரத்தில் இன்று இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 வரை ஜார்ஜ் டவுனில் இருந்தது. அதன் முதல்வராக 1863 முதல் 1907 வரை இருந்த வில்லியம் மில்லர், லியர் அரசன் நாடகத்தை இந்திய அரசியலோடு சேர்த்து 1900இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு ஸ்காட்லாந்து மிஷனரியின் பார்வை அதில் இருக்கத்தான் செய்யும். ஆனாலும், நாடகத்தைக் கேட்பவரின் ஊருக்கும் காலத்துக்கும் அதைக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்ற துணிவு இருந்ததே, அது நம் வகுப்பறைகளில் இன்றும் அபூர்வம்.

நெஸ்ஃபீல்டு இலக்கணமும், பிறகு ரென் அண்ட் மார்ட்டினும் தலைமுறை தலைமுறையாக வாக்கியத்தைப் பகுத்துக்காட்டக் கற்றுக்கொடுத்தன. இரண்டையும் நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் பகுக்கத் தெரிவது வேறு, எழுதத் தெரிவது வேறு.

நம் மாநிலத்தில் நடந்த பெரிய முயற்சி 1950களின் இறுதியில் தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு, சென்னை மாநிலத்தின் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தருவது திட்டம். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாக மேலும் பலருக்கு என்று பெருகிப்போனதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று அதற்குப் பெயர். வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக, வாய்மொழியாக, திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை அது. அவ்வளவு பெரிய எண்ணிக்கையைத் தொட்டது சாதாரணக் காரியம் அல்ல. ஆயினும் சொல்ல வேண்டியது ஏதும் இல்லாமல் வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, சொல்ல ஏதாவது இருக்கும்போது வாக்கியம் வருவதில்லை.

இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர், தலச்சேரி முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை, பெங்களூர் திட்டம் என்று உலகெங்கும் மொழி ஆசிரியர்களிடையே பேசப்படுகிறது. இலக்கண வரிசையை அவர் கைவிட்டார். ரயில் நேர அட்டவணையைக் கொடுத்து, இந்த நேரத்துக்குள் அந்த ஊர் போய்ச்சேர எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்டார். ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கை வாய்விட்டுச் செய்துகாட்டுவார். பிறகு அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தாமே செய்வார்கள். விடை சரியா என்பதுதான் அங்கே கேள்வி. பொருளைத் தேடி மனம் உழைக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும், வசதி குறைந்த வகுப்புகளில் இது நடந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1987இல் அவர் அனுபவம் நூலானது. உலகம் அதைப் படித்தது. நம் பள்ளிகளுக்கு அதில் எவ்வளவு வந்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. வழி சொல்லும் வரைபடக் கேள்வியில் அந்தச் சிந்தனையின் சாயலை நான் காண்கிறேன். கைடு அதையும் வார்ப்பு வாக்கியங்களாக்கிவிட்டது. பிரபுவின் திட்டத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் கிடைத்த இடம் அதில் கதைக்கும் கவிதைக்கும் கிடைக்கவில்லை.

அந்தக் குறையை இட்டு நிரப்பும் பாடநூல் இப்போது நம் கையில் இருக்கிறது. 2018–19இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் சத்யஜித் ராயின் கதை இருக்கிறது, ஜூல்ஸ் வெர்ன் இருக்கிறார், ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' கதைவடிவில் இருக்கிறது. அல்போன்ஸ் தோதேயின் 'கடைசிப் பாடம்' கூட இருக்கிறது. 1870–71 போரில் பிரான்சு தோற்றபின், அல்சேஸில் பிரெஞ்சு மொழிக்கு நடக்கும் இறுதி வகுப்பு அது. 1938லும் 1965லும் மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாநிலத்தில், ஆங்கில வகுப்பில், தாய்மொழியைப் பறிகொடுக்கும் ஒரு பள்ளியின் கதை! இதைவிட வளமான பாடம் கிடைக்குமா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கும் பகுதி இது. ஒரே வகுப்பில் தமிழோடு தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீடுகளின் பிள்ளைகள் இருக்கலாம். உங்கள் பாட்டி பேசி நீங்கள் பேசாமல் விட்ட சொற்கள் எவை என்று கேட்டு ஒரு பத்தி எழுதச் சொன்னால் போதும், அந்த வகுப்பு விழித்துக்கொள்ளும். அந்தப் பேச்சு முதலில் தமிழில் நடக்கட்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக ஆர். அமிர்தவல்லி தலைமையிலான குழு தயாரித்த அறிக்கையும் ஆங்கிலத்தை மற்ற இந்திய மொழிகளோடு சேர்த்துத்தான் பார்த்தது.

குன்றத்தூர் ஆசிரியர்களுக்கு வாய்த்த ஒரு பேறும் உண்டு. துணைப்பாடத்திலிருந்து எட்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கப்படும் வினா, தரப்பட்ட குறிப்புகளைக் கதையாக விரித்து எழுதுவது. ஹின்ட்ஸ் டெவலப்பிங் என்று பிள்ளைகள் சொல்வார்கள். தமிழில் அந்த வேலையை மாபெரும் அளவில் செய்தவர் இந்த ஊர்க்காரரான சேக்கிழார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பதினொரு பாடலுக்குள் அடியார்களின் பெயர்களைத் தொகுத்தார். நம்பியாண்டார் நம்பி அதைக் கொஞ்சம் விரித்து அந்தாதியாக்கினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்தக் குறிப்புகளை நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் மனிதர்களாகவும் ஊர்களாகவும் எழுப்பினார். ஒரு பெயரிலிருந்து ஒரு வாழ்க்கையை எப்படி எழுப்புவது, எதைக் கூட்டுவது, எதைப் பேச்சாக வைப்பது என்பதெல்லாம் இதில் கண்கூடு.

திருநின்றவூர்ப் பூசலார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பொருள் இல்லாதவர் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டுகிறார். காஞ்சியில் அரசன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கு நாளும் இவருடைய மனக்கோயிலின் குடமுழுக்கு நாளும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. இந்தக் கதையைத் தமிழில் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தேட வேண்டியது சொற்களை மட்டும்தான். 'டெம்பெஸ்ட்' குறிப்புகளை விரிக்கும்போது கதையும் புதிது, கடலும் தீவும் புதிது, மொழியும் புதிது. அதனால்தான் மனப்பாடம் ஒன்றே வழியாகிறது. பூசலாரில் தொடங்கிப் பழகிய கை பிறகு 'டெம்பெஸ்ட்' நாயகன் ப்ராஸ்பெரோவுக்குப் போகலாம். வேறு சமயத்துப் பிள்ளைகள் தம் வீட்டில் கேட்ட கதையைக் கொண்டுவரட்டும். கதை இல்லாத வீடு கிடையாது.

நோட்டுத் திருத்தும் கணக்குக்கும் வழி இருக்கிறது. வாரம் ஒரு பத்தி எல்லாரும் எழுதட்டும். ஆசிரியர் பிரிவுக்கு 9 நோட்டுகளை மட்டும் முழுதாகப் படிக்கட்டும். நான்கு பிரிவுக்கு 36 நோட்டு, மூன்று மணி நேரம். ஐந்து வாரத்தில் 180 பேரையும் படித்துவிடலாம். ஒரு வாரம் இறந்தகால வினையை மட்டும், இன்னொரு வாரம் வாக்கியம் முடியும் இடத்தை மட்டும் திருத்தினால் நோட்டு முழுக்கச் சிவப்பாகாது. அந்த வாரம் நோட்டு படிக்கப்படாதவர்களில் இரண்டு பேர் எழுந்து வகுப்புக்கு வாசித்துக் காட்டலாம்.

வினாத்தாளில் ஒன்று மட்டும் மாற வேண்டும். மனப்பாடப் பாடலுக்கு 5 மதிப்பெண் இருக்கிறது. இருக்கட்டும், பாடல் மனத்தில் தங்குவது நல்லதே. பாடமாக வந்த ஒரு கதையைத் தன் வீட்டோடும் ஊரோடும் சேர்த்து எழுதச் சொல்லும் கேள்விக்கும் 5 மதிப்பெண் ஒதுக்கலாம். திருத்தும் முகாமில் அதற்குக் கீ ஆன்சர் கொடுக்க முடியாது. பிழை இருந்தாலும் சொந்தமாக எழுதியிருந்தால் எத்தனை மதிப்பெண், பிழையில்லாமல் கைடைப் பார்த்து எழுதியிருந்தால் எத்தனை என்று மாதிரி விடைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை இந்தக் கல்வியாண்டிலேயே, ஒன்பதாம் வகுப்புத் தேர்வுத்தாள்களை வைத்து, ஒவ்வொரு பள்ளியும் தனக்குள் தொடங்கிவிடலாம். அரசாணை எதுவும் அதற்குத் தேவையில்லை.