ஆண்டிகிதெரா பல்சக்கரங்களும் அல்பிரூனியின் நிலாப்பேழையும்

கிரேக்க நாட்டின் ஆண்டிகிதெரா தீவருகே கடலில் மூழ்கிக் கிடந்த பழங்கப்பலிலிருந்து 1901ஆம் ஆண்டில் மீட்கப்பட்ட பொருள்களுள் களிம்பேறிய வெண்கலக் கட்டி ஒன்றும் இருந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய அக்கட்டியை 2005இல் ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது அதன் உள்ளமைப்பு துலங்கிற்று. எஞ்சியுள்ள பல்சக்கரங்கள் 30. அவற்றுள் ஒன்றில் 223 பற்கள். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் மீளும் கணக்கு அது. வானியல் அறிவை உலோகத்தில் வடித்த அந்தக் கைத்திறனை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

எனினும், இக்கண்டுபிடிப்பு வெகுமக்கள் ஏடுகளில் எடுத்துரைக்கப்படும் முறை நமக்கு உடன்பாடன்று. 2006இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வாளர்கள், பின்வந்த ஓராயிரம் ஆண்டுக் காலத்தில் இத்துணைச் சிக்கலான கருவி வேறொன்று அறியப்படவில்லை என்றே அளவோடு கூறினர். ஏடுகளோ, பல்சக்கரக் கலையே மறைந்தொழிந்து, ஐரோப்பியக் கடிகாரங்களோடுதான் மீண்டும் பிறந்தது என எழுதிவிட்டன. 'நிகரானது இல்லை' என்பதும் 'எதுவுமே இல்லை' என்பதும் ஒன்றாகுமா?

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பைசாந்தியர் காலத்துச் சூரியக் கடிகாரம் ஒன்று உள்ளது. அதனோடு கிடைத்த சக்கரங்களுள் ஒன்றுக்கு 59 பற்கள். ஹிஜ்ரி 440இல் வஃபாத்தான அல்பிரூனி, உஸ்துர்லாப் பற்றிய தம் நூலில் 'ஹுக்குல் கமர்' எனும் நிலாப்பேழையை விவரிக்கிறார். எட்டுச் சக்கரங்கள் கொண்ட அதிலும் 59 பற்களுடைய சக்கரம் உண்டு. முப்பதும் இருபத்தொன்பதுமாக மாறிவரும் இரு பிறைமாதங்களின் நாள்தொகை அது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டதும், பல்சக்கரமே முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என முழங்குவோர் நம்மிடையேயும் உளர். அதுவும் வரலாறன்று. உஸ்துர்லாப் என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்தது. எட்டுச் சக்கரங்களை முப்பதோடு ஒப்பிட்டு உரிமை கொண்டாடுவதற்கும் ஒன்றுமில்லை. கடலடியில் கிடைத்ததற்கும் அரபுச் சுவடியில் கிடைத்ததற்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவுமில்லை. ஆயினும் பைசாந்தியக் கருவியும் அல்பிரூனியின் விவரணையும் ஒரே மரபைச் சார்ந்தவை என்பது நமது துணிபு.

அம்மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 618இல் இஸ்பஹானைச் சேர்ந்த முஹம்மது இப்னு அபீபக்ர் செய்த உஸ்துர்லாபின் பின்புறச் சாளரத்தில், பல்சக்கரங்கள் சுழலப் பிறை வளர்ந்து தேய்வதைக் காணலாம். ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் அது, சக்கரங்கள் முழுமையாக எஞ்சியுள்ள கருவிகளுள் மிகப் பழையது என்பர். ஆண்டிகிதெராவைப் பற்றி எழுதுவோர் அதற்கு ஒரு வரியேனும் ஒதுக்கலாம்.