வீட்டுச் சமையலும் வீட்டுக்கு வெளியே நின்றவர்களும்

சமையல் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றியா விமர்சனம் எழுதுவது எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நாவலையும் நாடகத்தையும் ஆராய்வதோடு விமர்சகனின் கடமை முடிந்துவிடுகிறது என்று கருதுவோர் இன்றும் நம்மிடையே உளர். ஆயின், ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எத்தகைய கற்பனையைப் போற்றி வளர்க்கிறது என்பதை அறிய அதன் காவியங்களை மட்டும் புரட்டினாற் போதாது. அது ஓய்வு வேளையில் எதனைக் கண்டு மகிழ்கிறது, கண்டபின் என்ன அபிப்பிராயம் சொல்கிறது என்பனவற்றையும் கவனித்தல் வேண்டும். அமெரிக்காவிலே பெரும் புகழும் பின்னர் பெரும் பழியும் எய்திய நாட்டுப்புறச் சமையல் நிகழ்ச்சி ஒன்றையும், அதன் பார்வையாளர் கொண்ட கருத்துக்களையும் இங்கு ஆராய முற்படுவதற்கு இதுவே காரணம்.

'போலாவின் வீட்டுச் சமையல்' என்னும் அந்நிகழ்ச்சி 2002 ஆம் ஆண்டு நவம்பரில் 'ஃபூட் நெற்வேர்க்' தொலைக்காட்சியில் ஆரம்பமானது. அதனை நடத்திய போலா டீன் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தவர். 1989 இல் வீட்டிலே மதிய உணவுப் பொதிகள் கட்டித் தம் புதல்வர் இருவர் மூலம் விற்றுப் பிழைப்பைத் தொடங்கியவர். 1996 இல் சவன்னா நகரிலே உணவகம் ஒன்றைத் திறந்தவர். உழைத்து முன்னேறிய ஒரு பெண்ணை இகழ்வது நமது நோக்கமன்று. பொரித்த கோழி, பாற்கட்டி சேர்த்த மக்கரோனி, தாராளமாகப் பட்டர் இட்ட பலகாரங்கள் ஆகியவற்றை உறவினரோடு உரையாடுவது போலப் பேசிப் பேசிச் சமைத்துக் காட்டிய அவரை இலட்சக்கணக்கானோர் விரும்பிப் பார்த்தனர். அவர்களும் அவரை எதிர்த்தோரும் கூறிய கருத்துக்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஏக்கத்தின் வழி வந்த கருத்து. இந்த அம்மையார் நம் அம்மம்மாவை நினைவூட்டுகிறார், இவரது அடுப்படி நாம் பிறந்து வளர்ந்த வீட்டின் அடுப்படி போன்றது என்பதே அது. நகரத்திலே அவசர உணவை உண்டு வாழும் உழைப்பாளி, வீட்டுச் சோற்றுக்கு ஏங்குவதில் வியப்பில்லை. ஆனால் அந்த அடுப்படி எங்கிருந்தது? நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுகளில் அது ஜோர்ஜியாவிலேயே இருக்கவில்லை. வடக்கே நியூயோர்க் மாநிலத்தில், தயாரிப்பாளரின் இல்லத்திலே படப்பிடிப்பு நடந்தது; 2006 இலேதான் அது டீனின் சொந்த வீட்டுக்கு மாறியது. தென்னாட்டுக் கிராமத்தின் வாசனை வடநாட்டு வீடொன்றிலே தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு அனுப்பப்பட்டது. ஏக்கம் உண்மையானது, அதற்கு விலையாகக் கிடைத்த வீடு உண்மையானதன்று.

இரண்டாவது, உடல்நலத்தின் வழி வந்த கருத்து. இரண்டு இனிப்பு டோனற்றுகளுக்கிடையே இறைச்சி வட்டும் முட்டையும் பன்றியிறைச்சியும் வைத்துப் பரிமாறுவதெல்லாம் மக்களுக்குச் செய்யும் தீங்கு என்று பலர் கண்டித்தனர். 2011 இல், சமையற் கலைஞரும் எழுத்தாளருமான அன்ரனி போர்டெயின் கடுமையாகத் தாக்கியபோது, வீட்டுச் செலவுக்குக் கவலைப்படும் சாதாரண குடும்பங்களுக்காகவே தாம் சமைப்பதாக டீன் பதிலளித்தார். அப்பதிலில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஏழையின் தட்டைப் பார்த்து வசதியுள்ளவன் அறநெறி போதிப்பது எளிது. ஆயினும், 2012 ஜனவரியிலே தமக்கு நீரிழிவு நோய் இருப்பதை அவர் வெளியிட்டார். நோய் கண்டறியப்பட்டு அப்போதே மூன்று ஆண்டுகள் சென்றிருந்தன. அதே வேளையில், நீரிழிவு மருந்து தயாரிக்கும் 'நோவோ நோர்டிஸ்க்' நிறுவனத்தின் கூலிபெறும் பிரசாரகராகவும் அவர் அறிமுகமானார். உணவிலும் இலாபம், நோயிலும் இலாபம். கண்டித்தவர்களோ ஒரு பெண்ணின் பட்டர்க் கரண்டியைக் கண்ட அளவுக்கு, அவரை இரு பக்கமும் நின்று இயக்கிய வாணிபத்தைக் காணவில்லை.

மூன்றாவது கருத்து 2013 இல் வெடித்தது. அவரது குடும்பத்தினரின் உணவகம் ஒன்றின் முன்னாள் முகாமையாளர் தொடுத்த வழக்கிலே சாட்சியமளித்த டீன், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைத் தாம் முன்னர் பயன்படுத்தியதுண்டு என ஒப்புக்கொண்டார். ஜூனில் அது வெளியானதும் தொலைக்காட்சி நிறுவனம் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 'வோல்மார்ட்' முதலிய வாணிப நிறுவனங்களும் விலகிக்கொண்டன. பார்வையாளர் இரு கட்சியாயினர். ஒரு சாரார் அவரை வெறுத்தொதுக்கினர். மறுசாரார் சவன்னாவிலே அவரது உணவகத்தின் முன் நீண்ட வரிசையில் நின்று ஆதரவு காட்டினர். வெளிவரவிருந்த அவரது சமையல் நூலை முன்பதிவு செய்து விற்பனையில் முதலிடத்துக்கு உயர்த்தினர். அந்நூலைப் பதிப்பகத்தார் பின்னர் கைவிட்டனர்.

இவ்விரு கட்சியாரும் பகைவர் போலத் தோன்றினும் அவர்கள் நின்ற தளம் ஒன்றே என்பது நமது துணிபு. அவர் நல்லவரா, தீயவரா என்பதே இருவரும் கேட்ட கேள்வி. ஒருவரின் நாவிலிருந்து வழுவிய சொல்லோடு விவகாரம் தொடங்கி அச்சொல்லோடேயே முடிந்துவிட்டது. அவர் சமைத்த உணவு யாருடையது, அதைச் சமைத்த கைகள் எவை என்ற கேள்வியை அவர்களிற் பெரும்பாலோர் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். அடிமைகளின் வழித்தோன்றலும் உணவு வரலாற்றாசிரியருமான மைக்கல் ருவிற்றி, அதே ஜூனில் டீனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இழிசொல்லைவிடத் தம்மை வருத்துவது, தென்னாட்டுச் சமையலை உருவாக்கிய கறுப்பின மக்கள் அச்சமையலின் கதையிலிருந்தே துடைக்கப்பட்டமைதான் என்பது அவர் வாதம். முன்பு அடிமைகள் உழைத்த பண்ணையொன்றிலே தம்முடன் சேர்ந்து சமைக்க வருமாறும் அவரை அழைத்தார். இவ்வாதத்தின் வலிமையை உணர நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது சந்தையிலும் கிடைக்கும் வெண்டிக்காயும் கௌப்பியும் ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்கத் தென்பகுதிக்கு அடிமை வாணிபத்தோடு சென்றவை. கரோலினா, ஜோர்ஜியாக் கரையோரச் சதுப்புகளை நெல்வயலாக்கியோரும் அடிமைகளே. ஜோர்ஜியாவிலே 1751 வரை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த அடிமைமுறை அதன்பின் அனுமதிக்கப்பட்டது. அந்தச் செல்வத்திலேயே சவன்னா செழித்தது. நாட்டுப்புறச் சமையல் எனப் போற்றப்படுவதிற் பெரும்பங்கு, தாம் சமைத்த மேசையில் அமர்ந்துண்ண உரிமையற்றிருந்தோரின் படைப்பாகும்.

இது பழங்கதையன்று. டீனின் உணவகத்தில் ஆரம்ப முதல் உழைத்த டோரா சார்ள்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, 2013 ஜூலையில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகைக்குத் தம் கதையைக் கூறினார். இருபதாண்டுக்கு மேலாக டீனோடு பணியாற்றியவர் அவர். அங்கு வந்த சமையற்காரருக்குப் பயிற்சியளித்தவர். டீன் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பின்னரும் மணிக்கு 10 டொலருக்குக் குறைந்த கூலியையே சில காலம் தாம் பெற்றதாக அவர் சொன்னார். இது இனப் பிரச்சினையன்று, பணப் பிரச்சினையே என்று டீன் தரப்பார் மறுமொழி கூறினர். நிந்தனையாகச் சொல்லப்பட்ட அம்மறுமொழியிலே அவர்கள் அறியாமலே ஓர் உண்மை வெளிப்பட்டுவிட்டது. ஆம், அது பணப் பிரச்சினையும்தான். யாருடைய உழைப்பு யாருடைய பணமாகிறது என்பதை இனம் தீர்மானித்த நாட்டில், இவ்விரண்டையும் வேறு பிரிப்பது எங்ஙனம்?

'வீடு' என்ற சொல்லின் வஞ்சகமும் இங்கேயே இருக்கிறது. 2012 இல் ஒரு பொது உரையாடலிலே, தம் முன்னோரின் பண்ணையில் இருந்த கறுப்பின மக்கள் குடும்பத்தினர் போலவே இருந்தனர் என்று டீன் கூறினார். பாசத்தோடுதான் கூறியிருப்பார். குடும்பம் என்று சொல்லிவிட்டால் கூலி கேட்க இடமில்லை. வீட்டுச் சமையல் என்று சொல்லிவிட்டால் சமைத்தவளின் பெயரைக் கேட்க இடமில்லை.

டோரா சார்ள்ஸ் 2015 இல் தம் பெயரிலேயே ஒரு சமையல் நூலை வெளியிட்டார். டீனின் சவன்னா உணவகம் 2025 இல் மூடப்பட்டது. இவற்றால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

நமது எழுத்தாளர் 'மண்வாசனை' என்ற சொல்லைக் கொடியாக உயர்த்திய காலம் ஒன்றிருந்தது. மண்ணிலே வியர்வை சிந்தியவனை இலக்கியத்துள் அழைத்து வரவே அக்கொடி உயர்த்தப்பட்டது. அவனை விட்டுவிட்டு வாசனையை மட்டும் வடித்தெடுத்துப் போத்தலில் அடைத்தால், அது யாரும் விற்கக்கூடிய சரக்காகிவிடுகிறது. நாவலாயினும் நாட்டார் பாடலாயினும் சமையல் நிகழ்ச்சியாயினும் இதுவே உண்மை. ஆகவே, நம் மாணவர் இத்தகைய நிகழ்ச்சியொன்றைப் பார்க்கும்போது அதை வெறுத்தொதுக்க வேண்டுமென நாம் சொல்லமாட்டோம். சுவைக்கட்டும், மகிழட்டும். ஆனால் அபிப்பிராயம் சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்த அடுப்பை மூட்டியவர் யார், அவர் இப்போது எங்கே நிற்கிறார்?