ஏழாம் நாள் தவணை

1976இல், வங்காளதேசத்தின் சிட்டகாங்கை ஒட்டிய ஜோப்ரா கிராமத்தில், முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தது மொத்தமே 27 டாலர். மூங்கில் முக்காலி செய்யும் பெண் மூங்கில் வாங்க வியாபாரியிடமே கடன்படுவாள். செய்ததை அவன் சொன்ன விலைக்கு அவனிடமே விற்பாள். அந்தப் பிடியை இந்தச் சிறு தொகை அறுத்தது. அந்த முயற்சியிலிருந்து 1983இல் கிராமீன் வங்கி உருவானது. அடமானம் கேட்கவில்லை, ஐவர் கொண்ட குழு இருந்தால் போதும். நிலமோ நகையோ இல்லாத பெண்ணும் கடனைத் திருப்பிச் செலுத்துவாள் என்று அது காட்டியது. இதை எந்த விமர்சனத்தாலும் குறைத்துவிட முடியாது.

எனக்கு உறுத்துவது தவணைதான். கடன் வாங்கிய அடுத்த வாரமே முதல் தவணை கட்ட வேண்டும். சினைமாடு வாங்கியவளுக்கு ஏழு நாளில் பால் எங்கிருந்து வரும்? கணவனின் கூலியிலிருந்தோ வேறொரு கடனிலிருந்தோதான் கட்டுவாள். ஆகவே, அன்றாடம் காசு புரளும் பெட்டிக்கடை, இட்லிக்கடை போன்றவற்றுக்கே இந்தக் கடன் பொருந்துகிறது. கொல்கத்தாவில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதல் தவணைக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டார்கள், லாபமும் கூடியது. கூடவே கடன் கட்டத் தவறியவர்களும் பெருகினார்கள். கடன் கொடுப்பவருக்குப் பாதுகாப்பான தவணை, வாங்குபவரின் தொழிலை வளரவிடுவதில்லை.

இத்தகைய சிறுகடன் வாழ்க்கைத்தரத்தை உயர்த்துகிறதா என்பதும் கேள்விதான். ஹைதராபாத்தில் அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர், கடன் கிடைத்த பகுதிகளில் குடும்பச் செலவு உயர்ந்ததாகக் காணவில்லை.

குழுப் பொறுப்புக்கும் மறுபக்கம் உண்டு. ஒருத்தி கட்டாவிட்டால் அவள் வாசலில் போய் நிற்பது அக்கம்பக்கத்துப் பெண்களே. ஆந்திரத்தில் லாப நோக்குள்ள நிறுவனங்கள் ஒரே வீட்டுக்கு மாறி மாறிக் கடன் கொடுத்து, இந்த வெட்கத்தையே வசூல் கருவியாக்கின. தற்கொலைச் செய்திகளுக்குப் பின், 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

பரம ஏழைகளுக்குக் கடனே பொருந்தாது என்பதை வங்காளதேசமே கண்டுகொண்டது. அங்குள்ள பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டத்தில் மாடோ ஆடோ இலவசமாகக் கொடுத்தார்கள். வளர்க்கப் பயிற்சியும் தந்தார்கள். வருமானம் வரத் தொடங்கும்வரை, வாரந்தோறும் தவணை கேட்பதற்குப் பதிலாகச் செலவுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள்.