தவளையும் தேர்தலும்: மீம் என்னும் அங்கத வகை

ஆள்வோரையும் ஆள விரும்புவோரையும் எள்ளி உரைத்தல் எம்மொழியினும் உண்டு. அவ்வகைப் பழிப்புரையை அங்கதம் எனப் பெயரிட்டுச் செய்யுளியலுள் வகுத்தவர் தொல்காப்பியர். வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம் என்றும் அவர் இருவகைப்படுத்தினார். தேர்தற்காலந்தோறும் இணையத்திற் பெருகும் மீம் இவற்றுள் எதன்பாற்படும், வாக்காளர் உள்ளத்தில் அது செய்யும் வினை யாது என்பவற்றை, 2016ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலைக் களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மீம் என்னும் சொல்லை 1976இல் தாம் எழுதிய நூலொன்றில் ஆக்கியவர் உயிரியல் அறிஞர் ரிச்சர்டு டாக்கின்ஸ். போலச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு, உள்ளத்தினின்று உள்ளத்திற்குப் பரவும் பண்பாட்டுக் கூறுகளை அவர் அதனாற் குறித்தார். இணைய வழக்கில் அது பொருள் குறுகி, பலர் எடுத்து மாற்றி மாற்றி வழங்கும் நகைப்படத்தைக் குறிக்கலாயிற்று. ஆசிரியர் பெயர் மறைந்து வழங்குதலின் இது பழமொழியை ஒக்கும் என்பர். ஒப்புமை ஓரளவே பொருந்தும். பழமொழியில் சொல்லொடு பொருளும் பெரும்பாலும் நிலைபெறும். மீமிலோ உருவம் நிற்கப் பொருள் மாறும்.

இதற்குத் தக்க சான்று பெப்பே என்னும் தவளை. மாட் ஃபியூரி என்னும் ஓவியர் 2005இல் தம் சித்திரக்கதையுட் படைத்த அது, நண்பரோடு சோம்பிக் களித்திருக்கும் எளிய பாத்திரம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை பிறக்குமிடம் நான்கு என்பது மெய்ப்பாட்டியல். பெப்பேயின் நகை முதற்கண் பேதைமையிற் பிறந்தது. பெயர் மறைத்து எழுதுவோர் கூடும் ஃபோர்சான் முதலிய தளங்களிற் புகுந்து, வெள்ளையின மேலாண்மை பேசுவோர் சிலரின் கைப்பட்டபின் எள்ளலின் கருவியாயிற்று. 2015 அக்டோபரில் டொனால்டு டிரம்ப், தம்மை அத்தவளையாகத் தீட்டிய படமொன்றை டுவிட்டரிற் பகிர்ந்தார். 2016 செப்டம்பரில் ஹிலாரி கிளிண்டனின் தேர்தற் குழு, அத்தவளைக்கும் இனவெறியர்க்கும் உள்ள தொடர்பை விளக்கிக் குறிப்பு வெளியிட்டது. அதே திங்களில் அவதூறு எதிர்ப்புக் கழகம் அதனை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் அதன் வழக்குகளிற் பெரும்பாலன வெறுப்புச் சாராதவை என்றும், சூழல் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும் என்றும் அக்கழகம் உரைத்தது.

இவற்றுள் முன்னதினும் பின்னதே திறனாய்வு நெறிக்கு இயைந்தது. யார், எவ்விடத்து, யாரிடம் கூறினார் என்பதை உய்த்துணர வைப்பதனை முன்னம் என்னும் உறுப்பாகச் செய்யுளியல் கூறும். மீம் மறைப்பது இம்முன்னத்தையே. குழுவினுள் இருப்பார்க்கு ஒரு பொருளும், புறத்தார்க்கு வேறு பொருளும் தோன்றும். வினவினால் 'வெறும் விளையாட்டே' என நழுவ இடமும் உண்டு. ஆதலின் அது பழிகரப்பின்பாற்படும். அதனைச் செம்பொருளாகக் கொண்டு மறுப்பு எழுதியோர், அறியாதார்க்கும் அதனை அறிமுகம் செய்தவராயினர் எனலாம்.

இனி, மீம் வாக்கை மாற்றிற்றா என்பது வினா. மிச்சிகன், விசுகான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் டிரம்ப் பெற்ற மொத்த வாக்கு மிகுதி ஏறத்தாழ 78,000 மட்டுமே. இதனைக் காட்டி இணையமே முடிவைத் தந்தது என்பாரும் உளர். இத்துணைச் சிறு வேறுபாட்டிற்கு எக்காரணத்தையும் கூறலாம். கூறலாம் என்பதனால் அது நிறுவப்பட்டதாகாது. உருசிய நிறுவனமொன்றின் டுவிட்டர்க் கணக்குகளைப் பற்றி 2023இல் வெளிவந்த ஆய்வு, அவற்றைக் கண்ட நிகழ்வுகளில் 70 விழுக்காடு 1 விழுக்காட்டுப் பயனரிடமே குவிந்தமையையும், அவை குடியரசுக் கட்சியில் உறுதியான பற்றுடையோரையே மிகுதியாக எட்டியமையையும் காட்டிற்று; கருத்து மாற்றத்தோடோ வாக்களிப்போடோ குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. ஒரு தளத்தில் அயலார் கணக்குகளை மட்டும் ஆராய்ந்த முடிவு எல்லா மீமுக்கும் பொருந்தும் எனல் மிகைபடக் கூறலாகும். எனினும், மீம் மாற்றாரை மனம் மாற்றும் தூதாதலினும், தம்மவரைக் கூட்டும் முரசாதலே பெரும்பான்மை எனக் கருத இஃது இடந்தருகின்றது.

உண்மைத் தீங்கு வேறிடத்தது. அத்தேர்தலில், குறுஞ்செய்தி வழியே வாக்களிக்கலாம் எனக் கிளிண்டன் ஆதரவாளரை ஏமாற்றும் படங்கள் பரப்பப்பட்டன. குறைந்தது 4,900 தொலைபேசி எண்களிலிருந்து அவ்வாறு செய்தி சென்றது என்பது அரசுத் தரப்பின் கூற்று. பரப்பியோருள் ஒருவர் 2023 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். சதியில் அறிந்தே சேர்ந்தார் என்பதற்குச் சான்று போதாது என 2025 சூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அப்படங்களில் நகையும் இல்லை, வசையும் இல்லை. அவை மீமின் வழியே உலவிய பொய்யறிக்கைகள். அவற்றை அங்கதம் எனக் காத்தலும், அவற்றை அஞ்சி அங்கதம் முழுவதையும் கடிதலும் ஒருங்கே பிழையாம்.

2017இல் ஃபியூரி தம் தவளையைச் சவப்பெட்டியில் கிடத்தி வரைந்தார். ஆயினும் 2019இல் ஆங்காங்கில் கிளர்ச்சியாளர் அதனைத் தம் உரிமைப் போராட்டத்தின் சின்னமாக்கினர். படைத்தவன் முடித்தாலும் பொருள் முடிவதில்லை. இதுகாறும் கூறியவற்றால், மீமை ஆராய்வார் படத்தை மட்டும் நோக்காது, கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் உடன் பதிந்து வைத்தல் வேண்டும் என்பது போதரும். அவை பதியப்படாவிடின், நாளைய ஆய்வாளர்க்கு எஞ்சுவது பொருளறியா ஒரு தவளைப் படமே.