கித்தானும் கடுக்காயும்

ஓவியத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது கோடு வருகிறது, வண்ணம் வருகிறது, மிஞ்சினால் பிரக்ஞை வருகிறது. இவையெல்லாம் எதன்மேல் நிற்கின்றன என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. மொழியை ஒதுக்கிவிட்டுக் கவிதையைப் பேச நமக்குத் துணிச்சல் கிடையாது. ஓவியம் என்றால் மட்டும் துணியும் பசையும் கடைக்காரன் சமாச்சாரம்.

எனக்குத் தெரிந்த இளம் ஓவியர்கள் சிலர் கித்தானைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். காடாத்துணி, கோணி, பழைய வேட்டி. ஏன் என்று கேட்டால் 'மண்' என்கிறார்கள். கடைக் கித்தானின் விலையைக் காரணம் சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன். கோணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, அதன்மேல் குழாய் அக்ரிலிக்கைப் பழைய கைப்பழக்கத்தோடு பூசினால், அந்தக் கோணி படத்துக்கு என்ன செய்கிறது? கொஞ்சம் சொரசொரப்பு தருகிறது. புதுக்கவிதையில் நடுவே ஒரு வட்டாரச் சொல்லைச் செருகுகிறோமே, அதைப்போல. நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் புதிய தளம் ஓவியனுக்கு எதை மறுக்கிறது?

ஜாமினி ராயிடம் இதற்குப் பதில் உண்டு. கல்கத்தா அரசுக் கலைப்பள்ளியில் ஐரோப்பிய முறையைக் கற்று, எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைந்து பிழைத்தவர். பின்னால் அதைக் கைவிட்டார். கைத்தறித் துணி, பாய், சுண்ணாம்பு பூசிய பலகை இவற்றின்மேல், புளியங்கொட்டைப் பசையில் குழைத்த வண்ணங்களால் வரைந்தார். வண்ணங்களையும் ஏழாகச் சுருக்கிக்கொண்டார். பசைவண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரத்தை ஈரத்தில் இழைத்து வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு நழுவுகிற எண்ணெய் வண்ண வித்தை அதில் பலிக்காது. தட்டையான பரப்பும் அதை வளைத்து நிறுத்தும் கோடும்தான் மிச்சம். காளிகாட் படங்களிலும் தம் பாங்குரா கிராமத்துப் படங்களிலும் அவர் தேடிப்போனதும் அதைத்தான். பிற்காலத்தில் ஒரே உருவங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். குறைந்த விலைக்குப் படம் சாதாரண வீடுகளுக்கும் போகட்டும் என்பது அவர் கட்சி. கட்சி நியாயமானது. அந்த நீண்ட கண்களைப் பத்தாவது முறை பார்க்கும்போது எனக்கு அலுப்புத்தான். 1888-ல் கோகான் ஆர்ல் நகரில் 20 மீட்டர் முரட்டுச் சணல் துணி வாங்கி, அவரும் வான்கோவும் அதில் வரைந்தார்கள். அங்கேயும் இழை தூரிகையோடு மல்லுக்கு நின்றிருக்கிறது.

வங்கி வேலையாக நான் ஏறிப்போகும் நெல்லிவாசல்நாட்டில் இந்தப் பேச்சு வேறு விதமாகக் கேட்கிறது. ஜவ்வாது மலைக்காரர்களுக்குச் சாமைக்கு அடுத்தபடி காசு தருபவை புளி, கடுக்காய், தேன். புளியங்கொட்டையும் கடுக்காயும் அங்கே மூட்டைக் கணக்கு. யாரும் அவற்றை 'மண்' என்று அழைப்பதில்லை. கீழே வாணியம்பாடிப் பக்கம் குரோம் வருவதற்கு முன் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டுதான். தோலைப் பதப்படுத்தும் அதே துவர்ப்புச் சத்து ஓவியத்துக்குள்ளும் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

காளஹஸ்திக் கலம்காரியில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த நீரில் தோய்த்துக் காயவைக்கிறார்கள். பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும். மை, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு எடுத்தது. மூங்கில் கலத்தால் கோடு இழுத்ததும் கடுக்காயும் இரும்பும் கலந்து கறுக்கிறது. பாதிக் கறுப்பு கலத்தில் இருக்கிறது, பாதி துணியில். கடுக்காய் ஏறாத துணியில் அதே மை அசட்டுப் பழுப்பாக நிற்கும். அழித்துத் திருத்த வழியில்லை. துணி பழிவாங்கவும் செய்கிறது: இரும்பு இழையை அரிப்பதால், பழைய துணிகளில் கறுப்புக் கோடு ஓடிய இடமே முதலில் இற்றுப்போகிறது. நம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைத் துணிகளைக் கோயில் அலங்காரம் என்று தள்ளிவிட்டு, தளத்தின் 'பங்கேற்பு' பற்றி மேற்கத்தியப் புத்தகங்களில் படிக்கிறோம்.

1966-ல் கே. சி. எஸ். பணிக்கர் முன்நின்று சோழமண்டலம் உருவானது. அங்கே ஓவியர்கள் பாட்டிக் போன்ற கைவினைகளை விற்று வயிற்றைக் கவனித்துக்கொண்டு படம் வரைந்தார்கள். கௌரவமான ஏற்பாடு, எவன் கையையும் எதிர்பார்க்காத ஏற்பாடு. ஆனால் கைவினை ஒரு மேஜையில், கலை இன்னொரு மேஜையில். மெழுகு தடுத்த இடத்தில் சாயம் ஏறாது என்ற பாட்டிக்கின் பாடம் படங்களுக்குள் எவ்வளவு வந்தது? சிற்பத்தில் வந்தது என்பேன். ஜானகிராமின் செப்புத்தகடுகளில் கன்னானின் தட்டல் அப்படியே சிந்தனையாகியிருக்கிறது. ஓவியர்களிடம் அந்தத் தெளிவை நான் காணவில்லை.

புளியங்கொட்டைப் பசையில் கித்தான் செய்கிறவருக்குத் தொல்லைகள் காத்திருக்கின்றன. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மயில்துத்தம் சேர்க்க வேண்டும். ஈரத்தில் பசை நெகிழும், வெயிலில் இறுகிச் சுண்ணப்பூச்சு வெடிக்கும். இவற்றை மறைத்து வழவழப்பாக்கிய படத்தைவிட, இவற்றோடு சண்டையிட்டுத் தோற்ற படத்தைப் பார்க்க நான் திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவேன். ஒரு வேண்டுகோள்: கண்காட்சிச் சீட்டில் 'கலப்பு ஊடகம்' என்று அச்சடித்துத் தப்பித்துக்கொள்ள வேண்டாம். என்ன துணி, என்ன பசை, எத்தனை பூச்சு, எது உரிந்து விழுந்தது என்று படத்துக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டட்டும்.