பூக்கடைப் பையும் பட்டுக்கடைப் பையும்

ஆரணிக் கடைத்தெருவில் பட்டுச்சேலை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துணிப்பையில் போட்டுத் தருவார்கள். பையின் விலை சேலை விலைக்குள் அடங்கிவிடும். அடுத்து இரண்டு முழம் பூ. பூக்காரர் எதில் தருவார்?

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. நீலகிரியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தடை வந்தது. "அங்கே முடிகிறதே, இங்கே ஏன் முடியவில்லை?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்த ஒப்பீடு சரியன்று. மலைக்கு ஏறும் சாலைகள் சில. சோதனைச் சாவடியிலேயே பையைப் பிடித்துவிடலாம். ஆரணிக்கோ வேலூர், ஆற்காடு, செய்யாறு, போளூர் என்று நாற்புறமும் வழி.

கட்டணம் வைத்தால்? அயர்லாந்து 2002-இல் ஒரு பைக்கு 15 சென்ட் வாங்கத் தொடங்கியது. பயன்பாடு சுமார் 90 சதவீதம் குறைந்தது. அங்கே பை கேட்டவரே ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தார். நம் நாட்டின் 2016 விதியோ கடைக்காரரிடம் ஆண்டுக்கு 48,000 ரூபாய் கேட்டது! பூக்காரர் எங்கே போவார்? நல்ல வேளை, 2018-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

இன்று மஞ்சப்பை இயந்திரத்தில் துணிப்பை 10 ரூபாய். தடைசெய்த பையோ, கடைக்காரரிடம் இருந்தால், இலவசம். பூ வாங்க வருபவர் எதைக் கேட்பார்?