மூன்று மான்கள்

பொன்னால் ஆன மான் உலகில் இராது என்று இலக்குவன் ஐயுறுகிறான். உயிர் வகைகள் எண்ணிறந்தன. இப்படி ஒன்று இல்லை என்று எங்ஙனம் துணிவது என்று இராமன் விடை கூறுகிறான். கம்பர் ஆரணிய காண்டத்தில் அமைத்த இவ்வுரையாடலைப் படிக்குந்தோறும் நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். கார்ட்டூன் என்று குழந்தைகள் அழைக்கும் சித்திரப் படத்தைக் காண அமர்பவர் எவரும் அந்நேரத்திற்கு இராமன் கட்சியினரே. இலக்குவனின் ஐயத்தோடு அமர்ந்தால் முதற்காட்சியிலேயே எழுந்து போக வேண்டியதுதான்.

நாற்பதைக் கடந்து, கோப்புகளுக்கு நடுவே காலங்கழிக்கும் குமாஸ்தா ஒருவர் இப்படங்களை இன்னும் தேடிப் பார்க்கிறார் என்றால் நண்பர்கள் நகைப்பார்கள். நகைத்தும் இருக்கிறார்கள். 1993இல் ஞாயிற்றுக்கிழமை தோறும் தூர்தர்ஷனில் மௌக்லியின் கதை இந்தியில் வந்தது. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசிய நாம், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அதன்முன் அமர்ந்தோம். அன்று பற்றிய ஆர்வம் இன்றும் விடவில்லை. இது பிள்ளை விளையாட்டா, கலையா என்பதை நம் முன்னோர் தந்த அளவுகோல் கொண்டே அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த அளவுகோல் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். மருட்கை, அதாவது வியப்பு, நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார் ஆசிரியர்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஒன்று பிறிதொன்றாகத் திரிவதே ஆக்கம். இந்நான்கையும் வைத்துக்கொண்டு வால்ட் டிஸ்னியின் பழைய படங்களைப் பாருங்கள். 1937இல் வெளிவந்த ஸ்னோ ஒயிட் படத்தின் குள்ளர் எழுவர் சிறுமைக்குச் சான்று. அரசி கிழவியாவது ஆக்கம். 1950இல் வந்த சிண்டரெல்லாவில் பூசணிக்காய் வண்டியாவதும் ஆக்கமே. உயிருள்ள நடிகரைக் கொண்ட படத்திற்கு ஆக்கம் அரிது. வரைந்த படத்திற்கோ அதுவே மூச்சு. கோடு திரிந்தால் உருவம் திரியும்.

ஆனால் வியப்பு மட்டுமே நெடுநேரம் நிற்பதில்லை. வேறொரு மெய்ப்பாட்டிற்கு நம்மை அழைத்துச் செல்லும் படமே நிலைக்கிறது. இதனை மூன்று மான்களைக் கொண்டு விளக்கலாம்.

முதல் மான் பாம்பி. 1942இல் வந்த டிஸ்னி படம். உயிருள்ள மான்களைக் கூடத்திற்கே கொணர்ந்து, அவை நிற்பதையும் நடப்பதையும் ஓவியர்கள் பயின்ற பின்னரே அது உருவாயிற்று. வசனம் மிகக் குறைவு. வேட்டைக்காரன் ஒருபோதும் திரையில் தோன்றுவதில்லை. தாய்மான் இறப்பதையும் காட்டுவதில்லை; வெடியோசை கேட்கிறது, பனி பொழிகிறது, குட்டி அழைத்துக்கொண்டே அலைகிறது. அவ்வளவுதான். அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய இழவை இதனினும் அடக்கமாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே.

இப்படத்தை நாம் கண்டது வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில். பிள்ளைகளின் படந்தானே என்று செய்தித்தாளோடு அமர்ந்திருந்தார் தந்தையார். நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர் அவர்; ஊரில் தாயார் மறைந்தபோது தந்தி தாமதமாகக் கிடைத்து, முகம் காணாமற் போனவர். குட்டிமான் பனியில் அழைத்தபோது செய்தித்தாள் தாழ்ந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளை விளையாட்டா, கலையா என்ற வினாவிற்கு நாம் கண்ட முதல் விடை அதுவே.

இரண்டாம் மான் நம் நாட்டது. பிலிம்ஸ் டிவிஷன் 1956இல் பம்பாயில் கார்ட்டூன் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது, பயிற்சியளிக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். இந்தியாவில் பிறந்து டிஸ்னி கூடத்தில் பணியாற்றியவர். பாம்பியிலும் அவர் கை உண்டு. அப்பிரிவு 1957இல் உருவாக்கிய படம் 'தி பானியன் டீர்'. புத்த ஜாதகக் கதை: நாள்தோறும் ஒரு மான் அரசனின் உணவுக்குச் செல்ல வேண்டும், சினையுற்ற பிணைமானின் முறை வந்தபோது மான் வேந்தன் தன் கழுத்தை நீட்டுகிறது. இங்கே நம்மைத் தொடுவது அழுகையன்று; கொடையில் பிறக்கும் பெருமிதம். கோட்டிலும் கண்களிலும் டிஸ்னியின் சாயல் தெரிவது உண்மை. கதை நம்முடையது, கையோ இன்னும் மாணவனின் கை. அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. எக்கலையும் முதலில் ஆசிரியரின் கையெழுத்திலேயே எழுதிப் பழகுகிறது.

மூன்றாம் மான் மாரீசன். அந்தக் கார்ட்டூன் பிரிவில் பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர், 2019இல் மறைந்தார். ஜப்பானியரான யூகோ சாக்கோ, கோய்ச்சி சசாகி ஆகியோருடன் அவர் இயக்கிய இராமாயணப் படம் 1993இல் தில்லித் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது. ஏறத்தாழ 450 கலைஞர்கள், ஓர் இலட்சம் ஓவியங்கள் என்பர். முழுக் காப்பியத்தையும் இரண்டேகால் மணி நேரத்தில் சொல்லவேண்டிய படம். கம்பர் நின்று பேசும் இடங்களில் அது நிற்க இயலாது. இலக்குவனின் ஐயத்தை நாடுவோர் நூலுக்கே திரும்ப வேண்டும். ஆயினும் அரக்கன் மானாகும் ஆக்கத்திற்குச் சித்திரப் படத்தைவிடப் பொருந்திய ஊடகம் வேறில்லை.

மாரீசன் இறக்கும்போது இராமனின் குரலில் அழைக்கிறான். உருவம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. சித்திரப் படத்தின் இயல்பே இதுதான். பிறமொழிக் குரல் ஏற்றிய படத்தில் நடிகரின் வாயும் ஒலியும் ஒவ்வாமல் நம்மை உறுத்தும். வரைந்த முகத்திற்கோ தாய்மொழி என்று ஒன்றில்லை. எம்மொழி தந்தாலும் ஏற்கும். இப்படம் 2025 சனவரி 24 அன்று தமிழ்க்குரலும் பெற்றுத் திரையரங்குகளுக்கு வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து! மாயமான் தமிழ் பேச இத்தனை காலம் எடுத்ததற்கு மானைக் குறை கூறிப் பயனில்லை.

நம் குடும்பங்களில் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள்; படிப்பதில்லை. நம் மகனும் அப்படியே. பார்க்கும் படங்களால்தான் மொழி போயிற்று என்று அவற்றைப் பழித்துவந்தோம். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. பார்க்கத்தக்கதைத் தமிழில் நாம் ஆக்கித் தரவில்லை என்பதே மெய். இந்நகரின் டெக்னோபார்க்கில் 1999இல் தொடங்கிய டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனையே சித்திரத் தொடராக்கியது. ஓவியம் தீட்டும் கைகள் தொலைவில் இல்லை. கேட்கும் வாய்தான் இல்லை.

கேட்பதானால் எதனைக் கேட்பது? நான்காம் மான் ஒன்று நம் நூல்களில் காத்திருக்கிறது. ஐந்திணை ஐம்பதில் வரும் பாலை நிலத்துக் கலைமான் அது. சுனையில் இருப்பது சிறிதளவு நீர். தான் குடிக்காவிடில் பிணையும் குடிக்காது என்று அறிந்து, அக்கலைமான் குடிப்பதுபோல் பாவனை செய்கிறது. பொருள் தேடிச் சென்ற தலைவன் நடக்கும் வழியில் நிகழ்வதாகப் புலவர் இதனைச் சொல்கிறார். பொருள் தேடி ஊர் கடந்தவரின் வழிவந்த நமக்கு இதற்கு உரை வேண்டுமா? வசனம் ஒன்றும் தேவையில்லை. வாய் நீரைத் தொடுகிறது, தொண்டை அசையவில்லை. அதனை வரைந்து காட்டினால் போதும்.

திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் பத்து நொடிக்கு 120 ஓவியங்கள். மகனிடம் இக்கணக்கைச் சொல்லி, பாட்டின் பொருளையும் சொன்னோம். பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் நாற்பது தாள்கள் வரைந்தான். விரலால் விரைந்து புரட்டினால் மான் குனிகிறது. கால்கள் கோணல், கொம்பு தாளுக்குத் தாள் மாறுகிறது. ஆனால் தொண்டை அசையவில்லை. பிறகு, அந்தப் பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எழுத்துக்கூட்டிக் காட்டுங்கள் என்றான்.

தந்தையார் இருந்திருந்தால் மீண்டும் ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.